விடியும் என்று உட்கார்ந்திருந்த சாயங்காலம்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு, "உன் இஷ்டம்டா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதற்கு முந்தின வாரமும் அதைத்தான் சொன்னேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க ஆள் அனுப்பினாய், சாமான் ஏற்ற வண்டிக்கும் சொல்லி வைத்தாய். உன் மேல் தப்பில்லை. ஆனால் ‘உன் இஷ்டம்’ என்பது ஒரு பதிலா? பதில் சொல்லத் தெம்பில்லாதவர்கள் வாயில் வருவது அது. உன் பெண்டாட்டி என்றைக்காவது அப்படிச் சொன்னால், நல்லதாய்ப் போயிற்று என்று எழுந்து போய்விடாதே. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தரம் கேள். பங்குனி முடிவதற்குள் இந்தத் திண்டிவனத்து வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நான் உன்னோடு பெங்களூரு வந்துவிடுகிறேனா, இல்லையா? அதுதானே உன் கேள்வி. போனில் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. நீ ஆபீசில் நடந்துகொண்டே பேசுகிறாய், பின்னால் நாலு பேர் சிரிக்கிறார்கள், எனக்கு வந்த வார்த்தையும் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். வேறு யார் படித்தாலும் படிக்கட்டும். வெளியூரில் பிள்ளையும் உள்ளூரில் வீடுமாக இருப்பவர்கள் நம் தெருவிலேயே பாதிப் பேர்.

நீ அனுப்பியவர் வந்தார். விழுப்புரத்திலிருந்து இங்கே மாற்றலாகி வரும் பேங்க்காரர், கூட அவர் மனைவி. நல்ல மாதிரிதான். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள், கொடுத்த காப்பியைக் குடித்தார்கள். அந்தப் பெண் சமையற்கட்டைப் பார்த்துவிட்டு, "ஃப்ரிட்ஜ இங்க வெச்சிக்கலாங்க" என்று அவரிடம் சொன்னது. அது கை காட்டிய இடத்தில்தான் உங்கப்பா உட்கார்ந்து சாப்பிடுவார். எனக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. "அங்க பிளக் பாயின்ட் இல்லம்மா, எதிர் சுவத்துல இருக்குது பாரு" என்று நானே காட்டிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தரை தரையாகத்தான் இருந்தது.

அப்பாவைக் கொண்டுபோய் எரித்த மூன்றாம் நாள் நீ என்னிடம் ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா? வந்தவர்களுக்கு எத்தனை பால் பாக்கெட் வாங்குவது என்று நான் எதிர் வீட்டு கலாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். நீ கண் வீங்கி வந்து நின்று, "அம்மா, உனக்கு ஒண்ணுமே தோணலயா?" என்றாய். சொந்தக்காரர்கள் எனக்கு ரொம்ப நெஞ்சழுத்தம் என்றார்கள். சிலர், பாவம், உள்ளுக்குள் அடக்கிக்கொள்கிறாள் என்றார்கள். இரண்டும் இல்லை கண்ணு. நிஜமாகவே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி. கால் இருப்பது தெரியும், கிள்ளினால் தெரியாது. குழம்பில் உப்பு போட்டேனா இல்லையா என்பது நாக்குக்குத் தெரியவில்லை. பசி என்பதே கிடையாது. நாம் ஜைனர்கள், ஊர் வாயில் நயினார்கள், பொழுது சாய்ந்த பிறகு வாயில் ஒன்றும் வைப்பதில்லை. அதனால் சாயங்காலம் கடிகாரத்தைப் பார்த்து, வெளிச்சத்தைப் பார்த்து, மாத்திரை போட்டுக்கொள்கிற மாதிரி ரெண்டு வாய் சாப்பிட்டுவிடுவேன். ஐப்பசியில் அவர் போனார். இப்போது மாசியும் முடியப் போகிறது. இவ்வளவு நாளும் இப்படித்தான்.

டிவி போடவும் தோன்றுவதில்லை. கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்க்கிறேன். கல்யாணமாகி மேல்சித்தாமூரிலிருந்து வந்த நாளாக இதே தெருதான் என்றாலும், அடுப்பங்கரையிலிருந்து காதால் கேட்ட தெரு அது. உட்கார்ந்து பார்ப்பது இப்போதுதான். காலையில் முதலில் தண்ணீர் கேன் வண்டி வரும். கேன் போடுகிறவர் போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே வீடு வீடாக ஏறி இறங்குவார். யாரோடு அவ்வளவு பேச்சோ. அப்புறம் ஸ்கூல் வேன். மூலை வீட்டுக் குழந்தை தினமும் ஒரு காலில் மட்டும் ஷூவோடு ஓடி வந்து ஏறும், இன்னொன்றை அதன் அப்பா கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார். வெயில் ஏறினால் தெரு அடங்கிவிடும். இஸ்திரி வண்டி வேப்பமரத்து நிழலோடு நகர்ந்து நகர்ந்து வந்து, மதியத்தில் நம் கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். எதிர் வீட்டு கலா இட்லி மாவு விற்கிறாள் இல்லையா, அவள் கிரைண்டரைப் போட்டால் நம் ஜன்னல் கண்ணாடி அதிரும். அவள் வீட்டுக்காரன் ஷேர் ஆட்டோவை எங்கே நிறுத்துவான்? நம் வாசலில்தான். இதற்காக உங்கப்பா அவனோடு தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டதும், மறுநாள் காலை மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை விலை பார்க்க அதே ஆட்டோவில் மார்க்கெட் கமிட்டிக்குப் போனதும் உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்க்க வேண்டும். மெட்ராஸ் போகிற வண்டியெல்லாம் பைபாஸில் நெரிந்து நிற்குமா, சில கார்கள் போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டு நம் தெருவுக்குள் புகுந்துவிடும். கடைசியில் ரயில் தண்டவாளம்தான் இருக்கிறது, வழி இல்லை. கலா மாவுக் கரண்டியோடு வெளியே வந்து, "அப்டியே தண்டவாளத்துல ஏறிப் போயிடுங்க சார், நேரா எக்மோருதான்" என்பாள். இன்னொன்றும் இப்போதுதான் தெரிந்தது. மரக்காணத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருகிறவர் தெருமுனையில் குரல் கொடுத்தால் ஸ்டேஷன் வரை கேட்கும். நடுவில் கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவார். மூச்சு வாங்குகிறார் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நம் வீட்டு மதில் தொடங்கும் இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார், ஹாரன்கூட அடிப்பதில்லை, மதில் முடிந்ததும் மறுபடி கூவுகிறார். நயினார் வீடு, கவுச்சி ஆகாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ. நாங்கள் சொன்னதில்லை. இதை உங்கப்பாவிடம் சொல்ல முடியாமல் போயிற்றே என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, அப்போதும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

உங்கப்பாவுக்கு இந்த மாதிரி விஷயங்கள் பிடிக்கும். நீ அஞ்சாவதோ ஆறாவதோ படிக்கும்போது, விழுப்புரத்தில் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகையில் விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் மாட்டிக்கொண்டது. பொழுது இறங்குகிறது, வீடு போய்ச் சேர்ந்து சாப்பிட முடியாது. உங்கப்பா கூச்சமே இல்லாமல் தூக்கைத் திறந்து புளிச்சாதத்தைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். முன்சீட்டில் இருந்த கெடார் ஊர்க்காரர் ஒருவர் என்ன ஏதென்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் தன்னுடைய மேற்குப் பக்க ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுக் கொடுத்து, "இன்னும் ஒரு மொழம் இருக்குது சாமி, மெதுவா மென்னு துன்னுங்க" என்று சூரியனை அளந்து சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டருக்கோ பதற்றம். "ஜல்தி சாமி, ஜல்தி! பனமரத்துக்குக் கீழ எறங்கிடுச்சி!" என்று டிக்கெட்டை விட்டுவிட்டு அவர் தலைமாட்டில் நின்றுகொண்டார். உங்கப்பா கடைசி வாய் போட்டு, ஜன்னலுக்கு வெளியே கை கழுவினதும் பின்சீட்டில் யாரோ கை தட்டினார்கள். நீ வெட்கத்தில் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் யாரிடமும் நம் சாப்பாட்டு வழக்கத்தைச் சொல்ல மாட்டாய். அதைக் குத்தமாகச் சொல்லவில்லை. அந்த வயதில் நாலு பேர் நம்மைப் பார்ப்பது பேஜாராகத்தான் இருக்கும். என் வயதுக்கு வந்த பிறகுதான் நாலு பேர் பார்க்கமாட்டார்களா என்றிருக்கும்.

இனி போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். முந்தின நாள் கரண்ட் போய், கொசுவில் தூக்கமே இல்லை. மதியம் மோர்சாதம் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சும்மா கால் நீட்டினேன். பகலில் படுத்துத் தூங்கும் பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. பள்ளிவாசல் பாங்குச் சத்தத்தில்தான் விழித்தேன். ஜன்னலில் சாம்பல் மாதிரி வெளிச்சம். கோயிலிலும் பாட்டு போட்டிருந்தார்கள். விடியற்காலை ஆகிவிட்டது என்று எழுந்தேன். ஒரு சந்தேகமும் வரவில்லை. பல் தேய்த்தேன், வாசல் தெளித்தேன், கோலம் போட்டேன். நன்றாகத் தூங்கினதாலோ என்னவோ கை ஓடியது, வழக்கத்தைவிடப் பெரிதாகவே போட்டேன். மூலை வீட்டுக்காரர் வேலை முடிந்து பையோடு வந்தவர், "இன்னா நயினாரம்மா, இன்னிக்கு உங்களுக்கு எதுனா பண்டிகையா?" என்று கேட்டார். இவர் எதற்கு விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்று நினைத்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன். நம் பண்டிகை தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஏதோ இருக்கும் என்று அவரும் போய்விட்டார்.

உள்ளே வந்து, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சி வைத்தேன். ரவையை வறுத்து உப்புமா கிளறினேன். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத மாதிரியே, பொழுது எழும்பாமலும் சாப்பிடக்கூடாதே. தட்டில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு, சூரியன் வரட்டும் என்று வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், வெளிச்சம் வருகிற வழியாக இல்லை. கோலம் முதலில் நன்றாகத் தெரிந்தது, அப்புறம் ஓரம் மங்கியது, அப்புறம் நடுவும் மங்கியது. மேகம் போட்டிருக்கிறது, மழை வரும் போலிருக்கிறது என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் புத்திக்கு எட்டவில்லை. கலா மாவு வாளியைக் கழுவிக் கொட்ட வெளியே வந்தாள். கிளியனூர்ப் பெண், சத்தமாகத்தான் பேசத் தெரியும்.

"இன்னாக்கா, தட்ட வெச்சிக்கினு வாசல்ல ஒக்காந்துனு இருக்கீங்க?"

"விடியட்டும்னு இருக்கேன். பால்கூட இன்னும் வரல பாரு."

வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கோலத்தைப் பார்த்தாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. "அக்கா, பாலு காலையிலயே வாங்கிட்டீங்க. இது சாயங்காலம்க்கா. நான் வெளக்கு ஏத்திட்டுத்தான் வர்றேன்."

புரிய ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? கருவேப்பிலை வாசனை மூக்கில் ஏறியது. வயிறு இழுத்துப் பிடித்தது. "பசிக்குதுடி" என்றேன். எனக்கே யாரோ சொன்ன மாதிரி இருந்தது. இத்தனை மாதம் பசிக்காத வயிறு, சாப்பிடக் கூடாத நேரம் பார்த்துப் பசிக்கிறது. கலா வானத்தைப் பார்த்தாள். உடனே எதிரே ஓடி அவள் வீட்டு முன் டியூப்லைட்டை நிறுத்தினாள். மூலை வீட்டைப் பார்த்து, "ஏங்க, வாசல் லைட்ட செத்த நிறுத்துங்க, நயினாரம்மா இன்னும் துன்னல!" என்று கத்தினாள். ஏன் என்று கேட்காமல் அங்கேயும் நிறுத்தினார்கள். இஸ்திரி வண்டிப் பல்பும் அணைந்தது. முனிசிபாலிட்டி கம்பத்து விளக்கை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அது பாட்டுக்கு எரிந்தது. மூச்சிரைக்க ஓடி வந்து, "இன்னும் வெளிச்சம் இருக்குதுக்கா. பாருங்க, மேக்கால செவப்பா தெரியல? ஜல்தி சாப்டுங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. "யாரடி ஏமாத்தற? என்னையா, சூரியனையா?" என்று கத்தினேன். "சாமி கோச்சிக்கினா எம்மேல கோச்சிக்கட்டும். கலாதான் பொய் சொல்லித் துன்ன வெச்சான்னு சொல்லிடுங்க" என்று தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் சாப்பிடவில்லை. தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டேன். வீணாக்கவேண்டாம் என்று அவள் நின்றபடியே ஒரு வாய் போட்டு, "அய்யோ, உப்ப ரெண்டு வாட்டி போட்டுட்டீங்கக்கா" என்று முகத்தைச் சுளித்தாள். அப்போது நான் சிரித்தேன் என்று கலா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. அவள் வீட்டுக்காரன் ஆட்டோவை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பசியோடு போய்ப் படுத்தேன். வயிறு எரிந்தது. எரியட்டும் என்றிருந்தது. காலையில் சூரியன் மதிலுக்கு மேலே வந்ததை என் கண்ணால் பார்த்துவிட்டு, கலா கொடுத்த மாவில் இட்லி ஊற்றிச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. இன்னும் ரெண்டு ஊற்றிக்கொண்டேன். அழுகை இன்னும் வரவில்லை கண்ணு. வருமா என்றும் தெரியவில்லை. பசி மட்டும் வந்திருக்கிறது.

இதைப் படித்ததும் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். இதற்குத்தானே உன்னைத் தனியாக இருக்காதே என்றேன், காலையும் மாலையும் தெரியாதவளை எப்படி அங்கே விடுவது, உடனே டாக்டரிடம் காட்டு என்பாய். காட்டுகிறேன். விழுப்புரத்துக்குப் போய்க் காட்டுவதாக இருக்கிறேன், கலா கூட வருகிறாள், ஆட்டோவும் அவர்களுடையதுதான். ஆனால் நீயும் ஒன்று யோசித்துப் பார். போன வருஷம், அப்பா இருக்கும்போதே, நான் மட்டும் உன் ஃபிளாட்டில் வந்து இருந்தேனே. உன் பெண்டாட்டி நல்லவள். என் சாப்பாட்டு நேரத்துக்குத் தன் போனில் அலாரம் வைத்து, ஆபீசிலிருந்து கூப்பிட்டு, "சாப்டீங்களா அத்தை?" என்று கேட்பாள். யாரும் இல்லாத வீட்டில் தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்பேன். உங்கள் வராந்தாவில் ராப்பகலாக விளக்கு எரிகிறது. அங்கே நான் சாயங்காலத்தில் கோலப்பொடியைத் தூக்கிக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியும்? நீங்கள் இரண்டு பேரும் வந்து சேர்கிற வரை விடியவில்லை என்று தட்டோடு உட்கார்ந்திருப்பேன். உங்கள் மேல் குறை சொல்லவில்லை, வேலை அப்படி. உன் எதிர் ஃபிளாட்காரர் பேரென்ன என்று கேட்டதற்கு, நீ "ஃபோர் நாட் டூ" என்றாய். போய் அவர் பேரைக் கேள். அவர்கள் வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள். உனக்கும் வயதாகும். அம்மா சொல்லும் புத்தி இந்த ஒன்றுதான்.

இந்தத் தெரு ஒன்றும் கோயில் இல்லை. என் பக்கெட்டை இரவல் வாங்கிய வீடு இன்னும் தரவில்லை. நான் அழாததைப் பற்றி என் காதுபடவே பேசினார்கள். ஆட்டோ தகராறும் தீராது. உங்கப்பாவுக்கு உடம்பு தூக்கிப்போட்ட அன்று அதே ஆட்டோவில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அப்படியும் அவர் திரும்பவில்லை. இங்கே இருந்தால் நான் சாக மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. இருக்கும்வரை, நான் சாப்பிடவில்லை என்றால் விளக்கை அணைக்கிற மனுஷர்கள் நடுவில் இருக்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று பேங்க்காரர் போன் பண்ணினார். "அட்வான்ஸ் எப்பம்மா கொண்டாரட்டும்?" என்றார். வீடு காலி ஆகவில்லை, நான்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்க பையன் காலியாவுதுன்னு சொன்னாரே என்றார் பாவம். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். உன்னைக் கேட்காமல் நான் ஒரு காரியம் செய்வது இதுதான் முதல் தடவை. நாலு பேர் முன்னால் உனக்குத் தலைகுனிவாக இருக்கும். உனக்குக் கோபம் வரும். எனக்காக அடக்கிக்கொள்ளாதே, "உன் இஷ்டம்மா" என்று நீயும் சொல்லிவிடாதே. போன் பண்ணித் திட்டு. இப்போது திட்டினால் எனக்கு வலிக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா